பருத்திப் பக்கம், தரிசுப் பக்கம்

அக்டோபர் 1, புதன்

ஜெசிந்தா சிஸ்டர் இந்த டைரியையும் ஒரு நீல ஜெல் பேனாவையும் கையில குடுத்து, "ஆவுடையப்பன், தினம் எழுதணும். ஒரு வரியானாலும் எழுதணும். கடைசியில யாருக்காவது ஒரு நன்றி சொல்லணும்"னு சொல்லி அனுப்பிச்சாங்க. குடியை விட வைக்கிற அந்த மையத்துல முப்பது நாள் கஞ்சியும் மாத்திரையுமா கிடந்துட்டு இன்னைக்குத்தான் வெளியே வந்தேன்.

வாசல்ல எம் பொண்டாட்டி வடிவு நின்னா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான்னு நினைச்சேன். நம்ம நினைப்பு என்னைக்கு நடந்திருக்கு?

"தொண்ணூறு நாள். ஒரு சொட்டு தொடாம தொண்ணூறு நாள் இருந்துட்டு வீட்டுக்குள்ள வாங்க. நடுவுல தொட்டா முதல்ல இருந்து எண்ணணும். திரவியம் தோட்டத்துக்குக் காவலுக்கு ஆள் வேணுமாம், அங்க போய் இருங்க"ன்னா. திரவியம் அவ தம்பி. கோவில்பட்டிக்குத் தெக்க ரெண்டு ஏக்கர் பருத்தி போட்டிருக்கான். ஒட்டினாப்புல அதே அளவு தரிசு கிடக்கு.

பதினாறு வருஷம் மினி பஸ் ஓட்டினவனை மோட்டார் ரூமுக்குக் காவல் வச்சாச்சு. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். டிசம்பர் 29ல முடியுது.

நன்றி: மச்சினன் திரவியத்துக்கு. கட்டில்ல ஒரு கால் ஆடுது. ஆடிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 2

பருத்திக்குத் தண்ணி விட்டேன். நன்றி: மோட்டாருக்கு.

அக்டோபர் 4, சனி

காலையில ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்து இறங்குச்சு. கூடை நிறைய பிளாஸ்டிக் கப்பு, கையில கொத்துக்கரண்டி. "டீக்கடை போடப் போறியளா?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டு, "வண்டு பிடிக்கப் போறேண்ணே. திரவியம் அண்ணன்கிட்ட கேட்டாச்சு"ன்னுச்சு.

பேரு நிலோபர். கடையநல்லூர்க்காரி. காலேஜ்ல விலங்கியல் பாடம் எடுக்குது, கூடவே ஆராய்ச்சியும் பண்ணுது. ஜூன் மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், இல்லன்னா ஏழு வருஷ உழைப்பும் போயிருமாம். மருந்தடிச்சு உழுத மண்ணுல எத்தனை வகைத் தரை வண்டு இருக்கு, சும்மா கிடக்கிற மண்ணுல எத்தனை இருக்குன்னு பார்க்கிறதுதான் ஆராய்ச்சி. பறக்குற வண்டு இல்ல, மண்ணுல ஓடித் திரிஞ்சு மத்த பூச்சி, புழுவைத் திங்கிற வண்டு. உலகத்துல நாற்பதாயிரம் வகை இருக்காம். "ஒரு வண்டுக்குப் போய் இவ்வளவு வகையா?"ன்னேன். "மினி பஸ்ல எத்தனை வகை ஆளுங்களைப் பார்த்திருப்பீங்க?"ன்னுச்சு. நான் பஸ் ஓட்டினது இதுக்கு எப்படித் தெரியும்? திரவியம் பய எல்லாத்தையும் சொல்லியிருக்கான். எல்லாத்தையும்னா எதுவரைக்கும்னு தெரியல.

பருத்தியில பத்து, தரிசுல பத்துன்னு கப்பைப் புதைச்சோம். கப்போட விளிம்பும் மண்ணும் சமமா இருக்கணும். ஒரு நூல் தூக்கி நின்னாலும் வண்டு சுத்திக்கிட்டுப் போயிருமாம். உள்ள கொஞ்சம் உப்புத் தண்ணி. அது சனிக்கிழமைதான் வரும். தினம் காலையில நான் கப்பைக் கொட்டி, பருத்தி வண்டை ஒரு பாட்டில்லயும் தரிசு வண்டை ஒரு பாட்டில்லயும் ஸ்பிரிட் ஊத்திப் போட்டு, நாளும் பக்கமும் எழுதின சீட்டை உள்ள போடணும். சீட்டுக் கட்டும் ஒரு பென்சிலும் குடுத்துச்சு. "பென்சில்லதான் எழுதணும்ணே."

அஞ்சு லிட்டர் ஸ்பிரிட் கேனை மோட்டார் ரூம்ல, என் கட்டிலுக்கு அடியில வச்சிட்டுப் போயிருக்கு.

நன்றி: யாருக்குன்னு நாளைக்கு எழுதுறேன்.

அக்டோபர் 5

பருத்தி: ஒண்ணு. தரிசு: ஒன்பது. ஒன்பதுல ஆறு வகை. டைரியில எழுத வேற என்ன இருக்கு? வண்டையே எழுதிருவோம். தினக் கணக்கை டைரியோட பின்பக்கத்துல தனியா பட்டியலாவும் போட்டு வைக்கணும். பேரு தெரியாது, நானே வச்சிட்டேன்.

கருப்பு உடம்புல வெள்ளையா ஆறு புள்ளி வச்சு, கட்டைவிரல் பருமனுக்கு இருக்கவன் தாயக்கட்டை. பச்சையா மின்னுறவன் பட்டுச்சட்டை. பெரிய தாடையும் ஒடுங்கின இடுப்புமா, தொட்டா செத்த மாதிரி நடிக்கிறவன் மண்வெட்டி. பொடிப்பொடியா இருக்கறதெல்லாம் டீத்தூள்.

நன்றி: கேன் மூடி இறுக்கமா இருக்கு.

அக்டோபர் 8, புதன்

இந்தப் பென்சில் சவம் சரியில்ல. மூணு நாள்ல நாலு முனை ஒடிஞ்சாச்சு. எழுத்தும் கோழி கிண்டின மாதிரி இருக்கு. படிச்ச பொண்ணு, பெரிய ஆராய்ச்சி, அதுல போய் இந்த எழுத்தையா வைக்கிறது? சிஸ்டர் குடுத்த ஜெல் பேனாவை எடுத்து எழுதினேன். தானா வழுக்கிட்டுப் போகுது. நீலத்துல "பருத்திப் பக்கம்", "தரிசுப் பக்கம்"னு கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு.

பருத்தி: டீத்தூள் 2. தரிசு: தாயக்கட்டை 1, மண்வெட்டி 2, டீத்தூள் 5.

நன்றி: சிஸ்டருக்கு.

அக்டோபர் 11, சனி

நிலோபர் மேடத்துக்கிட்ட, "அந்தக் கேனை எடுத்துட்டுப் போயிருங்க, எலி கடிச்சு வைக்கும்"னேன். என் மூஞ்சியையே பார்த்துச்சு. ஒண்ணும் கேக்கல. "சரிண்ணே. இனிமே தேவையான பாட்டிலை மட்டும் அளவா ஊத்திக் கொண்டாறேன்"ன்னுச்சு. ஸ்கூட்டியில ஏத்தும்போது, "இது குடிக்கிற சாராயம் இல்லண்ணே. உள்ள போனா கண்ணு போயிரும், உயிரும் போயிரும்"னு கேன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போச்சு.

அப்ப திரவியம் எல்லாத்தையும்தான் சொல்லியிருக்கான்.

நன்றி: கேக்காம விட்ட பிள்ளைக்கு.

அக்டோபர் 17

மழை பிடிச்சிருச்சு. கரிசல் மண்ணு காலை விடமாட்டேங்குது, செருப்பு ஒண்ணு உள்ளயே போயிட்டு. ஆனா தரிசுல இன்னைக்கு இருபத்தி நாலு! எங்கதான் இருந்தானுகளோ.

ஒருத்தன் புதுசு. ஆரஞ்சுத் தலை, கருப்பு முதுகு. விரல்ல பிடிச்சேன், பின்பக்கத்துல இருந்து பட்டுன்னு வெடிச்சான். அம்மாடி, சுடுது! கொதிக்கிற தண்ணி பட்ட மாதிரி. போன்ல கேட்டேன். வயித்துக்குள்ள ரெண்டு மருந்தைத் தனித்தனியா வச்சிருப்பானாம். ஆபத்துன்னா ரெண்டையும் கலந்து கொதிக்கக் கொதிக்கப் பீய்ச்சுவானாம். தன் வயிறு மட்டும் வேகாதாம். இவன் வகையில சிலது, பிள்ளைப்பூச்சி வளைக்குள்ள அது இட்ட முட்டையைத் தின்னுதான் வளருமாம். பெரிய போக்கிரி. வேட்டுக்காரன்னு பேர் வச்சேன்.

பருத்தி: டீத்தூள் 3, அவ்வளவுதான். நேத்துதான் திரவியம் மருந்தடிச்சான்.

நன்றி: மழைக்கு. விரல்ல பழுப்புக் கறை, சோப்பு போட்டும் போகல.

அக்டோபர் 20

தீபாவளி. ஊர்ப்பக்கம் ஒரே வெடிச் சத்தம். எனக்கு இங்கன வேட்டுக்காரன் மூணு பேர் இருக்கான். தொடல. நான் சொல்றது வேட்டுக்காரனை இல்ல.

நன்றி: இன்னைக்கு எனக்கே.

நவம்பர் 8, சனி. நாள் 39

வடிவு வந்தா!

மத்தியானம் தூக்குச்சட்டியோட வரப்புல வந்துட்டு இருந்தா. நான் சேத்துல முட்டி போட்டு கப்பைத் துடைச்சிட்டு இருந்தேன். "என்ன, மண்ணுல தலையை விட்டுட்டு இருக்கீங்க?"ன்னா. நெத்திலிக் குழம்பு, முருங்கைக்கீரை. சாப்பிடச் சாப்பிட பார்த்துட்டே இருந்தா. தாயக்கட்டை ஒண்ணைக் காட்டி, "இது பறக்காது, முதுகு மூடி ஒட்டிப் பிறந்திருக்கு. கிட்ட போனா பின்னால இருந்து ஆசிட் அடிக்கும்"னேன். குனிஞ்சு பார்த்தா. அடிச்சிட்டான்! நல்லவேளை முந்தானையிலதான் பட்டுச்சு. "எளவெடுத்த வண்டு"ன்னு கத்திட்டு, அப்புறம் சிரிச்சா பாரு. எத்தனை வருஷமாச்சு அவ சிரிச்சு.

போகும்போது, "முகம் தெளிஞ்சிருக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் அந்த வரப்பைத் தாண்டிக் குதிச்சிருப்பேன், அவ்வளவு சந்தோஷம். இதை யார்கிட்டயாவது சொல்லணும், கொண்டாடணும். இங்க யாரு இருக்கா?

சாயந்தரம் நல்ல மழை.

நன்றி: வடிவுக்கு வடிவுக்கு வடிவுக்கு.

நவம்பர் 9

எழுத ஒண்ணுமில்ல.

நவம்பர் 10

நேத்து காய்ச்சல். இன்னைக்குப் பரவாயில்ல. கப்பெல்லாம் நிறைஞ்சு கிடந்துச்சு. பாட்டில்ல போட்டாச்சு, சீட்டு எழுதியாச்சு. எல்லாம் சரியா இருக்கு. நேத்து உள்ளதும் சரியா இருக்கு.

வெயில் நல்லா அடிக்குது. சட்டை ரெண்டையும் துவைச்சுப் போட்டேன்.

நவம்பர் 22, சனி

மேடம் கையில வச்சுப் பார்க்கிற லென்ஸ் கொண்டாந்துச்சு. வண்டோட முன்னங்கால்ல ஒரு சின்ன வெட்டு, அதுல சீப்பு மாதிரி மயிர். மீசையை அதுக்குள்ள விட்டு இழுத்து இழுத்துச் சுத்தம் பண்ணுமாம். மீசையில அழுக்கு இருந்தா இரையோட வாசனை தெரியாது, பட்டினிதான். அதனால சோலி இல்லாத நேரமெல்லாம் மீசையைத்தான் துடைக்குமாம்.

நான் இன்னைக்கு ஷேவ் பண்ணினேன். எங்கயும் வெட்டல. டீ கிளாஸை ஒரு கையில பிடிச்சேன்.

பருத்தி: டீத்தூள் 4, பட்டுச்சட்டை 1. தரிசு: தாயக்கட்டை 2, வேட்டுக்காரன் 5, மண்வெட்டி 3, டீத்தூள் 11.

நன்றி: கைக்கு.

டிசம்பர் 13, சனி

மேடம் இன்னைக்குக் கூடை இல்லாம வந்துச்சு. தண்ணித் தொட்டிச் சுவர்ல உக்காந்துச்சு. பையில இருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டுச்சு. உள்ள வண்டு இருக்கு. சீட்டு இருக்கு. சீட்டுல எழுத்து இல்ல. ஸ்பிரிட்டு மட்டும் லேசா நீலமா இருந்துச்சு.

"எதுல எழுதினீங்கண்ணே?"

"பேனாவுல."

"ஸ்பிரிட் பேனா மையைக் கரைச்சிரும். அதுக்குத்தானே பென்சில் குடுத்தேன்." சத்தமே போடல. சத்தம் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். வாராவாரம் பாட்டிலைப் பெட்டியோட கொண்டு போய் காலேஜ் அலமாரியில அடுக்கியிருக்கு, பரீட்சை வேலையில பிரிச்சுப் பார்க்கல. நேத்துதான் பிரிச்சிருக்கு. முதல் மூணு நாள் சீட்டு மட்டும் பென்சில், அது அப்படியே இருக்கு. இங்க இந்த வாரம் போட்டதையும் சேர்த்தா மிச்சம் நூத்தி முப்பத்திரெண்டு பாட்டிலும் வெள்ளைச் சீட்டு.

"எங்க, எந்த நாள்னு தெரியாத வண்டு வெறும் செத்த வண்டுண்ணே. அடுத்த மழைக்கு நான் ஆராய்ச்சியில இருக்க மாட்டேன்"னு சொல்லி அழுதுச்சு.

கோழி கிண்டின எழுத்தாம், சரியில்லாத பென்சிலாம்! உண்மையைச் சொன்னா, கை நடுங்குச்சு. நடுங்குற கைக்குப் பென்சில் முனை நிக்கல, பேனா வழுக்கிட்டுப் போச்சு. நடுக்கத்தை மறைக்கணும்னு பேனாவை எடுத்தேன். இதை அதுகிட்ட அப்படியே சொன்னேன்.

அப்பத்தான் பொறி தட்டுச்சு. "மேடம், நாள் என்கிட்ட இருக்கு"ன்னேன்.

டைரியை எடுத்துட்டு வந்தேன். கையில குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னேன். இதுல கேன் இருக்கு, வடிவு இருக்கா, இன்னும் என்னென்னவோ இருக்கு. குடுத்துட்டேன். தாயக்கட்டை ரெண்டு, வேட்டுக்காரன் அஞ்சு, மண்வெட்டி மூணுன்னு இருக்கிற பாட்டில் எதுன்னு தேடினா நவம்பர் 22, தரிசு. ஒரு பாட்டில் பொருந்துச்சு. ரெண்டாவதும் பொருந்துச்சு. அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சிட்டு, "அண்ணே, யா அல்லாஹ், அண்ணே"ன்னு என் கையைப் பிடிச்சிருச்சு. பக்கம் பக்கமா போன்ல படம் எடுத்துட்டுப் போச்சு.

நன்றி: தினம் எழுதச் சொன்ன சிஸ்டருக்கு. இதை நான் பென்சில்ல எழுதுறேன்.

டிசம்பர் 20, சனி. நாள் 81

நூத்தி இருபத்தெட்டு பாட்டில் பொருந்திருச்சாம். மிச்சம் நாலு.

"நவம்பர் ஒன்பதுக்கும் பத்துக்கும் மட்டும் கணக்கு எழுதல நீங்க. பாட்டில் இருக்கு. ஒன்பது காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கும் கப்பைக் கொட்டினீங்கள்ல?"

"கொட்டினேன்."

"அப்ப சரிண்ணே. எனக்கு அந்த நாள்தான் உயிர். எட்டாம் தேதி பெரிய மழை. மழைக்கு மறுநாள் தரிசுல எத்தனை வெளிய வருது, பருத்தியில எத்தனை வருதுன்னு அந்த ஒரு நாளை வச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம்." முகமெல்லாம் சிரிப்பா போச்சு.

இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாள் வாயை மூடிட்டு இருந்தா வீடு. நன்றி எழுத வரல.

டிசம்பர் 21, ஞாயிறு

ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்ல. காலையில முதல் வேலையா போன் போட்டேன்.

"மேடம், நவம்பர் ஒன்பது நான் கப்பைக் கொட்டல. காய்ச்சலும் இல்ல. வடிவு வந்துட்டுப் போன சந்தோஷம், அதைக் கொண்டாடணும்னு காலையிலயே பைபாஸ் டாஸ்மாக் வாசல்ல போய் நின்னு, திறந்ததும் குடிச்சேன். துக்கத்துக்குக்கூட அன்னைக்கு நான் குடிச்சிருக்க மாட்டேன். மறுநாள் ரெண்டு நாள் வண்டையும் மொத்தமா அள்ளி, பாதி பாதியா பிரிச்சு ரெண்டு தேதி போட்டேன். அந்த நாலு பாட்டில்லயும் இருக்கிறது பொய்."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுற சத்தம் கேட்டுச்சு.

"நல்லவேளை சொன்னீங்க"ன்னுச்சு கடைசியில. "ரெண்டு நாள் போனா போகுதுண்ணே. பொய்யான நாள் உள்ள இருந்திருந்தா மத்த எல்லா நாளும் போயிருக்கும்." அப்புறம், "வடிவு அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"ன்னுச்சு.

"இல்ல"ன்னேன்.

"ம்"ன்னுச்சு.

நன்றி: அந்த 'ம்'முக்கு.

டிசம்பர் 29, திங்கள்

வடிவு லோடு ஆட்டோவோட வந்தா. டிரைவர் பையன்கிட்ட கட்டிலையும் ஏத்தணும்னு சொல்லிட்டு இருந்தா. தலையில மல்லிகைப்பூ. வீட்டுல வெள்ளை அடிச்சிருக்காளாம்.

"வடிவு, இன்னைக்குத் தொண்ணூறு இல்ல"ன்னேன்.

"எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."

"தொண்ணூறு இல்லட்டி. அம்பது." டைரியைப் பிரிச்சு நவம்பர் ஒன்பதைக் காட்டினேன். எழுத ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்த இடத்துல என்னென்ன எழுதியிருக்கணுமோ எல்லாத்தையும் சொன்னேன். அவ வந்துட்டுப் போன மறுநாள்ங்கிறதையும் சொன்னேன். அதுதான் சொல்ல முடியாம கிடந்தது.

தொட்டித் தண்ணியை அள்ளி முகத்தைக் கழுவினா. தலையில இருந்த பூவை எடுத்து மடியில வச்சிட்டு ரொம்ப நேரம் பருத்தியையே பார்த்துட்டு இருந்தா. ஆட்டோ பையன் ஹாரன் அடிச்சான். "செத்த நேரம் இருப்பா"ன்னு அதட்டினா.

அப்புறம் என் பக்கம் திரும்பாமலே விரலை மடக்கி மடக்கி எண்ணினா.

"பிப்ரவரி ஏழு. என்ன கிழமை அது?"

"சனி"ன்னேன்.

"சனிக்கிழமைன்னா எனக்குத் தோதுதான்"ன்னா. கட்டிலை இறக்கச் சொன்னா. ஏறி உக்காந்த பிறகு, "பொங்கலுக்குப் பானையோட இங்க வர்றேன். நீங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னேன். நான் இங்க வரமாட்டேன்னு சொல்லல"ன்னா.

வண்டி போனதும் வரப்புல உக்காந்து நல்லா அழுதேன். பூவைத் தொட்டிச் சுவர்லயே விட்டுட்டுப் போயிருந்தா.

நன்றி: விரல் விட்டு எண்ணினவளுக்கு.

ஜனவரி 15, வியாழன். நாள் 67

தரிசுல பொங்கல். அடுப்புக்குக் கல்லை எடுத்தா அடியில மண்வெட்டி ஒருத்தன் செத்த மாதிரி நடிக்கிறான். வடிவு, "இவனைக் கிளப்பி விட்டுட்டுக் கல்லை எடுங்க, பாவம்"ன்னா. பானை பொங்குச்சு.

நன்றி: பானைக்கு, கல்லுக்கு, மண்வெட்டிக்கு.

பிப்ரவரி 7, சனி. நாள் 90

காலையில மேடமும் நானுமா இருபது கப்பையும் பிடுங்கினோம். குழியை மண்ணு போட்டு மூடினோம். பருத்தியில ஏழு வகை, தரிசுல முப்பத்தியொண்ணு. திரவியத்தை நிக்க வச்சு இந்தக் கணக்கைச் சொல்லுச்சு. அவன் தாடையைச் சொறிஞ்சுட்டு, "அப்ப அடுத்த வருஷம் ஒரு மருந்தைக் குறைச்சுப் பார்ப்போம்"னான். தரிசை உழ இருந்தவன், அதையும் அப்படியே விடப் போறானாம்.

வடிவு வந்துட்டா. கட்டில், சட்டி, ரெண்டு சட்டை, எல்லாம் ஆட்டோவுல ஏறியாச்சு. கிளம்புற நேரத்துல மேடம் ஒரு தாளை எடுத்துச்சு. "ஆராய்ச்சியே இன்னும் முடியலண்ணே, நன்றியுரையை முதல்ல எழுதிட்டேன். படிக்கட்டுமா?"

படிச்சுச்சு. பெரிய பெரிய பேராசிரியர் பேரெல்லாம் வந்துச்சு. கடைசியில என் பேரு. "அக்டோபர் ஐந்து முதல் ஒவ்வொரு நாளும் தவறாமல் வண்டுகளைச் சேகரித்து, எண்ணி, எழுதி வைத்த திரு. ஆவுடையப்பன் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி."

திருவாம்ல! வடிவு மூஞ்சியைத் திருப்பிட்டுக் கண்ணைத் துடைச்சா. இத்தனை நாள் நான்தான் எல்லாருக்கும் நன்றி எழுதிட்டு இருந்தேன், எனக்கு ஒருத்தர் எழுதி இன்னைக்குத்தான் கேக்கேன்.

"நல்லா இருக்கு மேடம். ஒரு இடம் மட்டும் திருத்தணும்."

"எதுண்ணே?"

"தவறாமல்னு இருக்குல்ல, அதை எடுத்துருங்க."

"எடுத்துட்டு?"

மேடத்துக்கிட்ட இருந்த பென்சிலை வாங்கி நானே எழுதினேன். கை நடுங்கல. "நவம்பர் ஒன்பது நீங்கலாக."